கொற்கைக்கு வழி தெரியாத தளங்கள்

இணையத்தில் எழுதியது நீர்மேல் எழுத்து என்று சொல்லாத இலக்கியக் கூட்டம் இன்று இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மின்னிதழில் வந்த கட்டுரையைத் தேடிப் போனால் '404 - பக்கம் காணப்படவில்லை' என்ற வாசகம் வந்து நிற்கிறது. 'இதற்குத்தான் அச்சு வேண்டும் என்கிறோம்' என்று மூத்தவர் ஒருவர் பெருமூச்சு விடுகிறார். அவையும் தலையசைக்கிறது. இந்தப் பெருமூச்சை நாம் ஏற்பதற்கில்லை. காணாமற்போனதாகக் கருதப்படும் பக்கங்களில் பல காணாமற்போகவே இல்லை. அவை அதே இதழின் புதிய தளத்தில், தரவுத்தளத்தின் ஏதோ ஒரு வரிசையில், ஓர் எழுத்தும் குறையாமல் கிடக்கின்றன. தொலைந்தது அவற்றுக்குச் செல்லும் வழி மட்டுமே. வழியைத் தொலைத்தது இணையம் அன்று, இதழ் நடத்துவோர். தளத்துக்குப் 'புதுப்பொலிவு' தருகிறோம் என்று அறிவித்து, அதுவரை உலகெங்கும் உள்ள ஆய்வேடுகளிலும் கட்டுரைகளிலும் வாசகர் குறிப்பேடுகளிலும் பதிந்திருந்த முகவரிகளை ஒரே இரவில் செல்லாக்காசாக்கியவர்கள் அவர்கள்.

இது நிரலர்கள் கவலைப்பட வேண்டிய செய்தி, தமிழ் படித்தவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நம் மறுமொழி புறநானூற்றில் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்த அந்நூலின் 400 பாடல்களில் 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை. கிடைக்காத பாடல்களின் எண்களை அடுத்து வரும் பாடல்களுக்குக் கொடுத்து வரிசையை 'ஒழுங்காக்கி' இருக்கலாம். நூல் 398 பாடல்களோடு அழகாக முடிந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை. 267, 268 என்ற இடங்கள் வெற்றிடங்களாகவே காக்கப்பட்டுள்ளன. நற்றிணையில் 234-ஆம் பாடலுக்கும் ஐங்குறுநூற்றில் 129, 130-க்கும் இதே நிலைதான். இணைய நெறிமுறையில் 410 என்றோர் எண் இருக்கிறது. 'இங்கே ஒன்று இருந்தது, இப்போது இல்லை, இனியும் வராது' என்பது அதன் பொருள். அந்த எண்ணை நெறிமுறைக்காரர்கள் எழுதுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே நம் பதிப்பு மரபு அதைக் கடைப்பிடித்திருக்கிறது. ஆக முகவரியைக் காப்பது பதிப்புப் பணியின் ஒரு கூறு. பாடவேறுபாடு எவ்வளவு நம் வேலையோ அவ்வளவு இதுவும் நம் வேலை.

குறளுக்கும் இது பொருந்தும். குறள் எண் சொன்னால் போதும், அதிகாரம் தேட வேண்டாம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை பல இடங்களில் பரிமேலழகர் வரிசைக்கு மாறானது. இன்று நாம் சொல்லும் எண் பரிமேலழகர் வரிசையைத் தழுவியது. மணக்குடவர் உரையைப் பதிப்பிப்போர், பொது எண்ணையும் உடன் தந்தால்தான் வாசகன் வழி தவறாமல் வருவான். பழைய முகவரிக்குப் பக்கத்தில் புதிய முகவரியை எழுதிவைக்கும் இந்த எளிய வேலைக்குத்தான் கணினித் துறையில் வழிமாற்று என்று பெயர்.

இனி முகவரி எப்படித் தன் பக்கத்தைக் கண்டடைகிறது என்பதைச் சற்றே விரிவாகப் பார்க்கலாம். இது தெரியாததால்தான் நம் இதழாசிரியர்கள், நிரலர் சொல்வதையெல்லாம் விதி என்று ஏற்றுக்கொண்டு வாளாவிருக்கிறார்கள்.

இணைய முகவரியின் முதற்பகுதி தளத்தின் பெயர். அது எந்த வழங்கியிடம் போக வேண்டும் என்பதை மட்டும் சொல்லும். அதன் பின் வரும் சாய்கோட்டிலிருந்து தொடங்குவது பாதை. 2000-களின் தொடக்கத்தில் பெரும்பாலான சிறு தளங்களில் இந்தப் பாதை உண்மையான அடைவுகளையும் கோப்புகளையும் குறித்தது. '2004' என்ற அடைவுக்குள் 'மார்ச்', அதற்குள் ஒரு கோப்பு. வேர்ட்பிரஸ், ஜூம்லா, துருபல் போன்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள் வந்த பின் நிலைமை மாறிற்று. இவற்றில் பாதை என்பது எந்தக் கோப்பையும் குறிப்பதில்லை. எந்த முகவரி வந்தாலும் வழங்கி அதை ஒரே ஒரு நிரலிடம் ஒப்படைக்கும். அந்நிரல் தன்னிடம் உள்ள விதிப்பட்டியலோடு பாதையை ஒப்பிட்டு, பொருந்தும் விதியின்படி தரவுத்தளத்தில் தேடி, பக்கத்தை அந்தக் கணத்தில் கட்டித் தரும். விதி பொருந்தாவிட்டால், அல்லது பொருந்தியும் தரவுத்தளத்தில் அப்பெயர் இல்லாவிட்டால், 404. ஆக 404 என்பது பக்கத்தின் இறப்புச் சான்றிதழ் அன்று. 'நீ சொல்லும் பெயரில் என்னிடம் யாரும் இல்லை' என்று வாயிற்காவலன் சொல்லும் மறுமொழி மட்டுமே. உள்ளே வேறு பெயரில் அதே ஆள் உட்கார்ந்திருக்கலாம்.

பழைய தளத்திலிருந்து புதிய மென்பொருளுக்கு மாறும்போது நேரும் பழுதுகளில் மூன்று நான்கு வகைகள் திரும்பத் திரும்ப வருபவை. பழைய தளம் விண்டோஸ் வழங்கியில் இருந்திருக்கும். அதற்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று. புதியது லினக்ஸ் வழங்கி. அதற்கு அவை வேறு வேறு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாத மொழியில் எழுதும் நாம், அந்த வேறுபாட்டால் பக்கங்களை இழந்திருக்கிறோம் என்பது ஒரு வேடிக்கை.

அடுத்தது சார்புப் பாதை. பக்கத்துக்குள் இருக்கும் படத்துக்கோ அடுத்த பகுதிக்கோ முழு முகவரி தராமல் 'இங்கிருந்து ஒருபடி மேலே போய், படங்கள் என்ற அடைவுக்குள் பார்' என்று எழுதுவது. எங்கள் கரையில் முத்துச்சிப்பி படியும் பார்களைக் கடலில் கண்டுகொள்ள, கரையிலுள்ள கோபுரத்தையும் அதன் பின்னால் தெரியும் மேட்டையோ மரத்தையோ ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பது வழக்கம். கோபுரம் நிலையாக இருக்கும்வரை கணக்குத் தப்பாது. கோபுரத்தை நூறு அடி தள்ளிக் கட்டினால் பார் இருந்த இடத்திலேயே இருக்கும், படகு வேறெங்கோ போய் நிற்கும். முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலோ குறைந்தாலோ உலாவி 'இங்கிருந்து' என்பதை வேறோர் இடமாகக் கொள்ளும். பழைய இதழ்களில் ஓவியங்களும் தொடர்கதையின் 'அடுத்த அத்தியாயம்' சுட்டிகளும் மட்டும் உடைந்து கிடப்பதற்குக் காரணம் பல இடங்களில் இந்த ஒற்றைச் சாய்கோடுதான்.

மூன்றாவது, வினாக்குறி. பழைய தளங்களில் கட்டுரை எண் முகவரியில் வினாக்குறிக்குப் பின் வரும். வினாக்குறிக்குப் பின் வருவது பாதையின் பகுதி அன்று. அது தனி. அப்பாச்சி வழங்கியில் வழிமாற்று எழுதும் எளிய கட்டளை பாதையை மட்டுமே ஒப்பிடும், வினாக்குறிக்குப் பின்னுள்ளதைப் பார்க்காது. அதைப் பார்க்கத் தனியாக ஒரு நிபந்தனை வரி எழுத வேண்டும். அந்த வரியை எழுத மறந்த நிரலரின் விதி ஆயிரம் கட்டுரைகளின் முகவரிகளையும் ஒரே முகவரியாகக் கருதும். அத்தனையையும் ஒரே இடத்துக்கு அனுப்பும். அந்த இடம் பெரும்பாலும் புதிய தளத்தின் முகப்பு.

இந்த முகப்புக்குத் தள்ளிவிடும் வழக்கத்தைத்தான் நாம் எல்லாவற்றிலும் கடுமையாகக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. 404 நேர்மையானது. இல்லை என்று சொல்லிவிடுகிறது. முகப்புக்கு அனுப்பும் தளமோ வாசகனிடம் 'வாருங்கள், வாருங்கள்' என்று சிரித்துக்கொண்டே அவன் கேட்டதை மறைத்துவிடுகிறது. சுட்டிகளைச் சோதிக்கும் மென்பொருளும் இதில் ஏமாறும், ஏனெனில் அதற்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியும். இறந்துபோன ஒரு கவிஞரின் நேர்காணலைத் தேடி வந்தவனுக்கு இந்த மாதப் புத்தக வெளியீட்டு விழா அழைப்பிதழ் காட்டப்படுகிறது. வேர்ட்பிரஸ் தன் பங்குக்கு ஊகமும் செய்யும். கேட்ட பெயர் இல்லாவிட்டால் அப்பெயரில் தொடங்கும் வேறொரு பதிவைத் தேடி அங்கே அனுப்பிவிடும். ஒரே தொடக்கத்தைக் கொண்ட இரண்டு தலைப்புகள் இருந்தால் வாசகன் தவறான கட்டுரையைப் படித்துவிட்டு அதையே மேற்கோளும் காட்டிவிடுவான்.

இதுவரை சொன்னவை எந்த மொழித் தளத்துக்கும் நேரக்கூடியவை. தமிழுக்கே உரிய பழுதுகளும் உண்டு. அவற்றுக்குக் கொற்கையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்கவில்லை.

கொற்கை என்பது நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியில் அது ஆறு குறிகள். ககரம், ஒகரக் குறி, றகரம், புள்ளி, ககரம், ஐகாரக் குறி. ஆனால் ஒகரக் குறியை ஒருங்குறி இருவகையாக எழுத இடம் தருகிறது. ஒரே குறியாகவும் எழுதலாம். எகரத்தின் கொம்பும் ஆகாரத்தின் காலும் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தரப்படி இரண்டும் சமமானவையே. ஆனால் பாதையை ஒப்பிடும் வழங்கி பைட்டுகளை எண்ணுமே தவிர எழுத்தைப் படிக்காது. அதற்கு ஆறு குறிக் கொற்கை ஓர் ஊர், ஏழு குறிக் கொற்கை வேறோர் ஊர். ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களை எப்போதும் பிரித்தே சேமித்துவைத்தது. அதில் 'கொற்கை' என்று பெயரிட்ட கோப்பை அப்படியே லினக்ஸ் வழங்கிக்கு ஏற்றினால் அது ஏழு குறிக் கொற்கையாகப் போய்ச் சேரும். பக்கத்தில் நீங்கள் தட்டச்சிட்ட சுட்டியோ ஆறு குறிக் கொற்கையைத் தேடும். விளைவு 404. 'தூத்துக்குடி' என்ற கோப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் பிரியக்கூடிய உயிர்க்குறி எதுவும் கிடையாது. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் ஔ என்ற உயிருக்கும் மட்டுமே இந்தத் தலைவிதி. எகர ஒகரங்களுக்குப் புள்ளி இடச் சொன்ன தொல்காப்பியர் காலத்திலிருந்து வீரமாமுனிவர் காலம் வரைக்கும் நம்மை அலைக்கழித்த எழுத்துகள் இவை. கணினிக்கு வந்தும் அடங்கவில்லை.

இதற்குத் தீர்வு உண்டா என்றால், உண்டு, மிக எளிது. வரும் முகவரியைத் தேடுவதற்கு முன் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் இதைத் தானாகவே செய்கிறது. எனவே தமிழ் விக்கிப்பீடியாவில் எந்தக் கொற்கையைத் தட்டினாலும் கொற்கைக்கே போவீர்கள். நம் இலக்கியத் தளங்களுக்கு இந்த ஒரு வரி நிரலைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க எந்த ஆசிரியர் குழுவும் முன்வரவில்லை. கேட்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இன்னொன்று, நீளம். முகவரியில் தமிழ் எழுத்து அப்படியே பயணம் செய்வதில்லை. ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்தெண்களுமாக மாறி, ஒரு குறிக்கு ஒன்பது இடம் பிடிக்கும். கொற்கைக்கு 54 இடம். தூத்துக்குடிக்கு 108. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். ஆங்கிலத் தலைப்புக்கு இது தாராளம். தமிழுக்கோ 22 குறிகளோடு கதை முடிந்தது. 'தூத்துக்குடி முத்துக்குளித்துறை' என்று தலைப்பிட்டுப் பாருங்கள். மென்பொருள் அதை 'தூத்துக்குடி-முத்துக்கு' என்று வெட்டி நிறுத்தும். முத்துக்கு என்ன ஆயிற்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதே தொடக்கத்தில் இரண்டாவது கட்டுரை வந்தால் பின்னால் ஓர் எண் ஒட்டிக்கொள்ளும். பிளாகர் இதற்கு நேர்மாறு. தமிழ்த் தலைப்பைக் கண்டால் அதை முழுதும் விழுங்கிவிட்டுப் பொதுப் பெயர் ஒன்றையும் ஓர் எண்ணையும் வைத்துவிடும். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பதிவுகள் அந்த ஒரே பெயரில், எண்ணால் மட்டும் வேறுபட்டு நிற்கின்றன. இதை அந்தக் காலத்தில் நாமெல்லாம் அவமானமாகக் கருதினோம். தமிழில் முகவரி வேண்டும் என்பது ஓர் உரிமைக் குரலாகவே ஒலித்தது. இன்று பார்த்தால், அவமதிக்கப்பட்ட அந்தப் பிளாகர் முகவரிகள் ஆய்வேட்டில் ஒரே வரியில் அடங்குகின்றன, கையால் படியெடுத்தாலும் வேலை செய்கின்றன. நூறு விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த 'தமிழ்' முகவரிகளோ அச்சில் மூன்று வரியாக உடைந்து, உடையும் இடத்தில் தட்டச்சு மென்பொருள் சேர்த்த சிறுகோட்டால் செத்துக் கிடக்கின்றன. மொழிப்பற்று முகவரியின் வாலில் இருக்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து. பலருக்கு இது கசக்கும் என்பதை அறிவோம்.

பெயர் வேறு, அடையாளக் குறி வேறு. இதைத் தூத்துக்குடிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1986-இல் இம்மாவட்டம் பிறந்தபோது அதன் பெயர் சிதம்பரனார் மாவட்டம். 1997-இல் தலைவர்கள் பெயர்களை மாவட்டங்களிலிருந்து நீக்கியபோது தூத்துக்குடி மாவட்டமாயிற்று. 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட துறைமுகம் 2011-இல் வ.உ.சிதம்பரனார் பெயரைப் பெற்றது. ஆங்கிலத்தில் டூட்டிகோரின் என்று நெடுங்காலம் எழுதிவந்ததை 2020 ஜூனில் தமிழ் ஒலிப்புக்கு நெருக்கமாக மாற்றி, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்ப்பெயர்களோடு அரசு ஆணை வெளியிட்டது. எழுத்துக்கூட்டலின் நீளம் கண்டு ஊரே நகைத்தது. சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. இத்தனைக்கும் நடுவில், இங்கு வரும் சரக்குப் பெட்டகம் ஒன்றாவது வழிதவறி வேறு துறைமுகம் போயிற்றா? போகவில்லை. உலகக் கப்பல் ஆவணங்களில் இத்துறைமுகத்துக்கு உள்ள குறி, ஐ, என், டி, யு, டி என்ற ஐந்தெழுத்து. பெயர்ப்பலகை மாறியது, விழா எடுத்தார்கள், குறி மாறவில்லை. வணிகர்கள் பெயரை மக்களுக்கும் குறியை ஆவணங்களுக்கும் என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். இலக்கியவாதிகள் இரண்டையும் குழப்பிக்கொண்டு, பலகையை மாற்றும்போதெல்லாம் குறியையும் மாற்றுகிறார்கள்.

குறி இல்லாமல் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் இக்கரையே சான்று. கிரேக்க, ரோமானியக் குறிப்புகளில் கொல்கொய் என்று வரும் துறைமுகத்தை நிலப்படத்தில் தேடினால் கிடைக்காது. தாமிரபரணி கொண்டுவந்த மண்ணால் கடல் பின்வாங்கி, கொற்கை உள்நாட்டுச் சிற்றூராகிவிட்டது. வணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. காயலும் தூர்ந்து பழைய காயல் ஆயிற்று. பின்னர் தூத்துக்குடி. மார்க்கோ போலோ சொன்ன காயில் எது, கொல்கொய் எது என்று நிறுவ 19-ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் மண்ணைத் தோண்ட வேண்டியிருந்தது. கடல் வழிமாற்று எழுதிவைப்பதில்லை, அதைக் குறைசொல்ல முடியாது. தளத்தை மாற்றும் இதழாசிரியருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் தாமே இடம் மாறுகிறார், எங்கே போகிறார் என்பதும் அவருக்குத் தெரியும்.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருவோம். 'தேடுபொறியில் தலைப்பைப் போட்டால் கிடைக்கும்' என்பார்கள். கிடைக்கலாம். கிடைப்பது அதே பாடம்தானா? ஆசிரியர் பின்னாளில் திருத்தி நூலில் சேர்த்த வடிவமா, யாரோ தம் பதிவில் எடுத்தொட்டிய அரைகுறையா என்பதை எதைக்கொண்டு சொல்வது? அடிக்குறிப்பு சுட்டுவது ஒரு குறிப்பிட்ட பாடத்தை. தேடுபொறி தருவது ஏதோ ஒரு பாடத்தை. 'இணைய ஆவணக் காப்பகம் இருக்கிறதே' என்பது அடுத்த வாதம். இருக்கிறது. 1996-இல் தொடங்கி, 2001 முதல் பழைய பக்கங்களைப் பொதுமக்கள் பார்க்க வழி செய்துள்ள அந்த நிறுவனத்துக்குத் தமிழுலகம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஜியோசிட்டிஸ் 2009-இல் மூடப்பட்டபோது அதில் குடியிருந்த தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்கள் எஞ்சியது அதுபோன்ற முயற்சிகளால்தான். ஆனால் அங்கே தேடவும் பழைய முகவரி துல்லியமாகத் தெரிய வேண்டும். முகவரி தெரிந்து உள்ளே போனாலும், தளத்தோடு சேர்ந்து இறங்கும் எழுத்துருவை நம்பிய பழைய பக்கம் எழுத்துருவை இழந்து, பொருளற்ற ஐரோப்பியக் குறிகளாகத் திரையில் கொட்டும். 'பார்த்த நாள் குறித்தால் போதும்' என்று ஆய்வு நெறிமுறை வகுப்பவர்கள் சொல்வதைக் கேட்டால் நமக்குச் சிரிப்புத்தான் வருகிறது. பார்த்த நாளைக் குறிப்பது, 'நான் பார்த்தபோது உயிர் இருந்தது' என்று சாட்சி சொல்வது. அது வாசகனுக்கு எதையும் காட்டித் தராது.

பாதிக்கப்படுவது யார்? இதழ் நடத்துபவர் அல்லர். நம்மிடம் ஆய்வு செய்த மாணவி ஒருவர் முத்துக்குளித்துறை பற்றிய புனைவுகளை எடுத்துக்கொண்டார். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' இரண்டும் நூலாகக் கையில் உள்ளவை. சிக்கல் இல்லை. அவற்றைச் சுற்றி எழுந்த விவாதம் முழுதும் மின்னிதழ்களில் நடந்தது. கடற்புரச் சொற்களைப் பற்றி, சாதிச் சித்திரிப்பைப் பற்றி, கரைமக்களே எழுதிய மறுப்புகள் பல அச்சில் வரவே இல்லை. ஆய்வேட்டை ஒப்படைத்தபோது வேலைசெய்த சுட்டிகள் வாய்மொழித் தேர்வுக்குள் இறந்துவிட்டன. இடையில் ஓர் இதழ் புதுப்பொலிவு பெற்றிருந்தது. சரிபார்க்க இயலாத ஆதாரங்கள் என்று தேர்வாளர் குறித்தார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அவர் தட்டிப் பார்த்தார், முகப்பு வந்தது. பேராசிரியர்கள் எழுதிய நூல்களின் பக்க எண்கள் பத்திரமாக இருந்தன. பரதவர் சமூகத்து இளைஞர்கள் எழுதியவை மட்டும் ஆதாரமற்றவை ஆயின. அச்சு கிடைக்காதவர்கள் எழுதிய இடம் இணையம். அங்கே முகவரி அழிந்தால் அழிவது அவர்கள் சொன்ன சொல்.

1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இக்கரையில் வாழ்ந்து உழைத்த அண்டிரிக் அடிகளாரின் ஆக்கம். அதன் படி இன்று ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 450 ஆண்டுகளும் இரண்டு பெருங்கடல்களும் தாண்டிப் போன அச்சுத்தாளை நூலக எண் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். 2006-இல் நம் ஊர்க்காரர் எழுதிய கட்டுரையை எடுத்துத் தர ஆளில்லை.

தமிழில் இதைச் சரியாகச் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் ஒவ்வொரு மின்பதிப்புக்கும் ஓர் எண் கொடுத்தது. திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாறியபோதும் அந்த எண்ணே நூலின் அடையாளமாக நீடித்தது. 2005-இல் தொடங்கிய ஈழத்து நூலகம் திட்டமும் ஆவணத்துக்கு ஆவணம் எண் தருகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் தலைப்பை நகர்த்தினால் பழைய தலைப்பிலிருந்து வழிமாற்று தானே எழுந்துவிடும். இவை பெரும்பாலும் ஊதியமில்லாத தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்தவை. எனவே 'எங்களுக்குப் பணமில்லை' என்று இலக்கிய இதழ்கள் சொல்வதை நாம் பொருட்படுத்தப் போவதில்லை. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, முகவரிகள் மாறக்கூடாது, அவற்றை மாற்றுபவர்கள் மனிதர்களே என்று வாதிட்டு ஒரு கட்டுரை எழுதியதும் அதே 1998-இல்தான். கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. தெரியாது என்று சொல்லவும் இனி வழியில்லை.

இவர்கள் செய்ய வேண்டியது என்ன? இரண்டு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை. இடப்புறம் பழைய முகவரி, வலப்புறம் புதியது. இரண்டாயிரம் கட்டுரைகள் உள்ள இதழுக்கு இரண்டாயிரம் வரிகள். பழைய தரவுத்தளத்திலிருந்து அதில் பெரும்பகுதியை நிரலே எழுதித் தரும். எஞ்சுவதைக் கல்லூரி மாணவர் நால்வர் இரண்டு வார இறுதிகளில் முடிப்பார்கள். வழங்கி ஒவ்வொன்றுக்கும் 301 என்று நிலையான வழிமாற்றுச் சொல்லட்டும். ஆசிரியர் திரும்பப் பெற்ற படைப்புக்கு 410 சொல்லட்டும். அதில் படைப்பின் பெயரும் வெளிவந்த நாளும் நிற்கட்டும், புறநானூற்றின் வெற்றிடம்போல. இனி வரும் கட்டுரைகளுக்கு எண்ணே முகவரியாகட்டும், தலைப்பு பக்கத்தின் நெற்றியில் இருந்தால் போதும். தளத்தை மாற்றித் தரும் நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பதற்கு முன், பழைய ஆய்வேடுகளிலிருந்து ஐம்பது சுட்டிகளை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். அந்த ஐம்பதில் ஒகரமோ ஓகாரமோ உள்ள தலைப்புகள் பத்தாவது இருக்கட்டும்.

முத்துக்குளித்துறை பற்றி மின்னிதழ்களில் 2000 முதல் வந்தவற்றுக்கு அத்தகைய அட்டவணை ஒன்றை நம் மாணவர்கள் தொடங்கியிருக்கிறார்கள். இடப்புறப் பத்திதான் நிரம்ப மறுக்கிறது. பழைய முகவரிகள் யாரிடமும் முழுமையாக இல்லை. உங்கள் பழைய மின்னஞ்சல்களிலும் உலாவியின் புத்தகக்குறிகளிலும் ஆய்வேடுகளின் பின்னிணைப்புகளிலும் அவை உறங்கிக்கொண்டிருக்கும். வேலைசெய்யாத சுட்டி என்று ஒதுக்காமல், இருப்பது இருந்தபடியே, வினாக்குறியும் எண்ணும் உட்பட அனுப்பிவையுங்கள். புதிய முகவரியை நாங்கள் தேடிக்கொள்கிறோம்.